நான் பெருக்கிய காடு

என்னை வேலையை விட்டு அனுப்பிய பேராசிரியர் ஒரு பொய்யர். பெயரைப் போடவில்லை. படித்தால் அவருக்கே தெரியும்.

நான் ஆம்பூரில் ஒன்பது வருஷம் ஷூ கம்பெனியில் இருந்தவள். முதுகுவலியால் நின்ற பிறகு, கணியம்பாடி பக்கம் மலைக்காட்டில் அவருடைய ஆராய்ச்சிக்கு உதவியாள் வேலை. கயிறு கட்டிய பத்துக் கட்டங்களில் தினமும் வெயில், மழை அளவை எழுத வேண்டும். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. (நானும் கேட்கவில்லை. கேள்வி கேட்கிறவளைக் கம்பெனியில் ஒன்பது வருஷம் வைத்திருப்பார்களா?)

வேலைக்குச் சேர்ந்த எட்டாவது மாதம் போன் செய்தார். "குளிர் நாட்டுலேர்ந்து விஞ்ஞானி அம்மா வர்றாங்க. இடத்த நல்லா வைம்மா."

வெளிநாட்டுக்காரர் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கா தெரியாது? கம்பெனியில் ஆடிட்டுக்கு முந்தின நாள் மூலைமுடுக்கெல்லாம் பெருக்கி, ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவோம். அங்கே என்னோடு வேலை பார்த்த ஷபீராவைத் துடைப்பத்தோடு கூட்டிப் போனேன்.

"இன்னாடி பேஜாரு இது! பெருக்கப் பெருக்க மேலேர்ந்து கொட்டுது!" என்றாள்.

"மரத்தப் புடிச்சி உலுக்குடி. மொத்தமா விழட்டும்."

உலுக்கினோம். பெருக்கினோம். பன்னிரண்டு மூட்டை இலையைக் கட்டி ஒரு விவசாயியின் எருக்குழிக்கு அனுப்பினோம். மரத்துக்கு மரம் சுண்ணாம்பு. (நுழைகிற இடத்தில் கோலம் வேறு.)

விஞ்ஞானி அம்மா கோலத்தைப் படம் பிடித்தார். பிறகு தரையைப் பார்த்தார். பேராசிரியர் முகம் வெளுத்தது.

"இலை எங்கம்மா?"

"ஒண்ணுகூட இல்ல சார். க்ளீன்!"

அப்புறம்தான் சொன்னார்கள். உதிர்ந்த இலை மட்கி, அந்தச் சத்துதான் மரத்துக்குத் திரும்புகிறதாம். பூமி சூடானால் இலை சீக்கிரம் மட்கி, மரம் உறிஞ்சும் முன்பே சத்து மழையில் போய்விடுமாம், மரம் வளர்வது குறையுமாம். அந்த அம்மா தன் குளிர் நாட்டுக் காட்டில் அளப்பதை நம் காட்டோடு ஒப்பிடத்தான் இலையை அப்படியே கிடக்க விட்டிருந்தார்களாம். சுண்ணாம்பு மண்ணின் குணத்தையே மாற்றிவிடுமாம்.

"எல்லா கணக்கையும் கெடுத்துட்ட. நாளைலேர்ந்து வராத!"

அடுத்து வேலை கேட்ட இடத்திலும், "காட்டைப் பெருக்குனது நீதானா?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். இன்றும் நான் துடைப்பம் எடுத்தால் என் வீட்டுக்காரர், "மெதுவா பெருக்குடி, பூமி சூடாய்டப் போவுது" என்கிறார். சரி, சிரிக்கட்டும்.

ஆனால் போன மாதம் ஷபீரா மகள் படிக்கும் கல்லூரியில் ஒரு கூட்டம். ஷபீராவோடு நானும் போனேன். மேடையில் நம் பேராசிரியர். திரையில் நான் பெருக்கிய அதே பத்துக் கட்டங்களின் படம். "வெப்பம் கூடியதால் இந்தக் காட்டில் தரையிலிருந்த இலை அடியோடு மறைந்துவிட்டது" என்கிறார்! கைத்தட்டல் வேறு.

வெயில் கூடுவது நிஜம். அந்த நிஜத்தில் என் துடைப்பத்தைக் கலந்தால், நாளைக்கு எவன் நிஜத்தை நம்புவான்?

சார், அதே மேடையில், அதே மைக்கில் பதில் சொல்லுங்கள். கணக்கை நான் கெடுத்தேன் என்றால் அதை ஏன் ஊருக்குக் காட்டினீர்கள்? கெடுக்கவில்லை என்றால் என்னை ஏன் அனுப்பினீர்கள்?