கரண்ட் போனால் கேட்கிற இருமல்

சேலம் ஜில்லாவில் கரண்ட் போனால் கைதட்டிய ஒரே மனிதர் லொக்கு சார்தான். லொக்கு லொக்கென்று இருமுகிறவர்களைத் தேடியே சர்வீஸைக் கழித்ததில் ஒட்டிக்கொண்ட பெயர்; எங்கள் சுகாதார ஆபீசில் அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும்.

அந்தக் கைதட்டலை முதலில் கேட்டது எடப்பாடிப் பக்கம் ஒரு விசைத்தறித் தெருவில். காசநோய் சர்வேக்குப் போயிருந்தோம். நான் வேலையில் சேர்ந்து மூன்றே மாதம். புள்ளியியல் பட்டம், புதுப் பேனா, நானே தயாரித்த நாற்பத்திரண்டு கேள்விப் படிவம். "இருமல் இருக்கா?" என்று வீடு வீடாகக் கேட்டேன். தெரு முழுக்க ஒரே பதில்: "இல்லீங்க." சளிப் பரிசோதனை வேன் ஜில்லாவுக்கே ஒன்றுதான். அது எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதை என் அறிக்கையைப் பார்த்துத்தான் பெரிய டாக்டர் முடிவு செய்வார். 'இங்கே தேவையில்லை' என்று முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்தேன்.

கரண்ட் போனது. தறிகள் அத்தனையும் நின்றன. அந்த அமைதியில் தெருவே இருமியது.

லொக்கு சார் கைதட்டினார். "கச்சேரி ஆரம்பம், தம்பி!"

தறிக்கொட்டகை வாசலில் இருமிக்கொண்டிருந்தவரிடம் போனார். "ஏனுங்க, இருமலே இல்லைன்னீங்களாமே?"

"இருமல் இல்லீங்க சார். இது தறி இருமலுங்க. பஞ்சுத் தூசி. இதெல்லாம் ஒரு சீக்குங்களா?"

"மாரியம்மன் நோம்பிக்கு முந்தியே இருந்துச்சுங்களா?"

"அதுக்கும் முந்தியேங்க."

அந்தத் திருவிழா முடிந்தே ஒரு மாதம்; இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றாலே சளியைச் சோதித்தாக வேண்டும்.

"அப்ப இந்த டப்பாவுல துப்பிக் குடுங்க சாமி."

நாற்பத்திரண்டு கேள்வியில் சிக்காதது இரண்டு கேள்வியில் சிக்கிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

அதற்குப் பிறகு லொக்கு சார் மின்வெட்டு நேரங்களைக் குறித்து வைத்துக்கொண்டு தறி ஊர்களைச் சுற்றினார். "நீங்க வந்தாலே கரண்ட் போயிருதுங்க, கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க" என்று ஒரு தறி முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குத் தண்ணீர் கொடுத்த வீடுகளில் அவருக்கு இஞ்சி டீ. ஒருநாள் அவர் குறிப்பைத் திருடிக்கொண்டு தனியாகப் போனேன். அன்றைக்குப் பார்த்து கரண்ட் போகவேயில்லை.

ஆஸ்பத்திரி லேபில் பார்த்ததில், அந்தக் கொட்டகை வாசல்காரரின் டப்பாவில் கிருமி இருந்தது. இன்னும் சிலருடையதிலும். வேன் அந்தத் தெருவுக்கே போனது. ஜில்லா முழுதும் தறி ஊர்களில் 'தறி இருமல் உண்டா? எந்த நோம்பியிலிருந்து?' என்றுதான் முதலில் கேட்க வேண்டும் என்று பெரிய டாக்டர் சுற்றறிக்கை விட்டார். அடியில், 'கேள்விகள் தயாரித்தவர்' என்று என் பெயர்! லொக்கு சார்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். சண்டைக்கே போனேன்.

"எனக்கு ரிட்டயர்மென்ட் வருது தம்பி. கேள்விக்கு வராதுல்ல? அதைப் பாத்துக்க ஆள் வேணுமில்ல?"

பெருந்தன்மையிலும் அவரே ஜெயித்தால் ஒருவன் எங்கேதான் போவான்?

அடுத்த வாரம் மேட்டூர் அணையில் மீன் பிடிப்பவர்களிடம் போகிறேன். அவர்கள் இருமலுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ! படிவம் எடுத்துப் போவதாக இல்லை. பரிசலில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, காதைத் திறந்து வைத்திருப்பதாக உத்தேசம். ரிட்டயரான லொக்கு சாரும் வருகிறார். பஸ்ஸில் துண்டு போட்டு ஜன்னல் சீட்டுப் பிடிக்க வேண்டும். அவருக்கு.