கலங்கரை விளக்கத்துக்குத் திரி வைத்த கதை

கப்பல் கட்டுகிறவன் கடலைப் பார்த்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நான் பார்க்காமல்தான் கட்டினேன். அதுவும் ஒரு கப்பல் இல்லை, ஒரு துறைமுகமே நிறையும் அளவுக்கு. கட்டிய இடம் சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தம். எங்கள் பக்கம் தண்ணீர் என்பது லாரியில் வருவது, அல்லது வராமலிருப்பது. அலை என்றால், கருவேலங்காட்டுக்கு மேலே மத்தியான வெயிலில் நெளியுமே காற்று, அதுதான். அந்த நெளிவைப் பார்த்துப் பார்த்தே எனக்குக் கடல் பைத்தியம் பிடித்தது. (பைத்தியம் பிடித்தது உண்மை, ஆனால் அதற்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை, தலையில் துண்டு போடாமல் திரிந்ததால் வந்தது என்பது என் மச்சானின் கட்சி.)

இரண்டாயிரத்துகளின் நடுவில், பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு, சிவகாசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் குடியிருந்தேன். அங்கேதான் அந்தப் படம் கண்ணில் பட்டது. எங்கோ ஒரு தேசத்தில் வயது வந்த மனிதர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுகிறார்கள். ஒருவர் கதை சொல்கிறார், மற்றவர்கள் மந்திரவாதியாகவும் கடற்கொள்ளைக்காரனாகவும் மாறி அந்தக் கதைக்குள் நடக்கிறார்கள். மேசை மேலே உள்ளங்கை அளவில் கப்பல்கள், படகுத்துறை, சரக்குக் கிட்டங்கி, சாராயக்கடை, கலங்கரை விளக்கம். சுண்டுவிரல் உயர மனிதர்கள் வாழ ஒரு முழு ஊர்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஏனென்றால் அந்த ஊரைக் கட்டத் தேவையான அத்தனையும் எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

யோசித்துப் பாருங்கள். ராக்கெட் குச்சி பாய்மரம் ஆகும். மருந்து போடாத தீக்குச்சிகளை வரிசையாக ஒட்டினால் கப்பலின் மேல்தளம். வெடிக்குச் சுற்றும் காகிதக் குழாயை நிறுத்தினால் கோபுரம், படுக்கப் போட்டால் பீரங்கி. காலிப் புஸ்வாணக் கூம்பு கலங்கரை விளக்கத்தின் தலை. அப்பா ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லோடு ஏற்றப் போய்வருவார். அவர் சட்டையை ஒரு உதறு உதறினால் மரத்தில் படிகிற கடல் உப்பு தயார். மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்கக் கலக்கும் மயில்துத்தம் இருக்கிறதே, அந்த நீலத்தைப் பலகையில் பூசினால் கடல். ஆமாம், கடல்! என் வாழ்க்கையின் முதல் கடலை நானே காய்ச்சி ஊற்றினேன்.

செய்த கப்பலைப் படமெடுத்து அந்த விளையாட்டுக்காரர்களின் இணையக் குழுவில் போட்டேன். பெங்களூரில் இப்படிப்பட்ட விளையாட்டுகளுக்காகவே ஒரு கடை வைத்திருந்த நவீன் என்பவர் பதில் எழுதினார். விளையாட்டுச் சீட்டு அச்சடிக்க எப்படியும் சிவகாசிக்கு வருகிறாராம். அதற்குள் ஒரு முழுத் துறைமுகம் செய்து வைத்தால் நேரில் பார்ப்பாராம், பிடித்திருந்தால் தொடர்ந்து ஆர்டர் தருவாராம். ஆனால் அது சபிக்கப்பட்ட துறைமுகமாக இருக்க வேண்டும். பேய்க் கப்பல்கள், மட்கிய கட்டடங்கள், மனித வாசமே அற்ற ஒரு கரை.

சரியாக அதே நேரத்தில்தான் என் அக்காவின் கணவர், அதாவது மேற்படி மச்சான், தான் மேற்பார்வை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் எனக்கு ஒரு வேலை பேசி முடித்திருந்தார். லோடு ஏற்றுவதை நின்று பார்க்கும் வேலை. அடுத்த வாரம் சேர வேண்டும். கவிதை எழுதுகிற கையால் அட்டைப் பெட்டியை எண்ணுவதா என்று நான் கொதித்தேன். (கவிதை என்று அப்போது எழுதியிருந்தவற்றை இப்போது படித்தால், பெட்டியையே எண்ணியிருக்கலாம் என்று தோன்றுகிறது.) கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆனது. நவீன் ஆர்டர் கொடுத்தால் கப்பல். கொடுக்காவிட்டால் கம்பெனி.

வெறி பிடித்தவன்போல் வேலை செய்தேன். கட்டுவது சுலபம், அழிப்பதுதான் கலை என்று அப்போதுதான் தெரிந்தது. அப்பாவின் பழைய வேட்டியில் பாய் வெட்டி, தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, பிளேடால் ஒவ்வொரு நூலாக உருவிக் கிழித்தேன். கிட்டங்கியின் கூரையில் ஓடு ஓடாகப் பிய்த்தேன். தலைமைக் கப்பலின் விலாவில் ஓட்டை போட்டு, ஓட்டையின் ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டி மரம் மட்கியதுபோல் ஆக்கினேன். கலங்கரை விளக்கத்தின் தலையைப் பாதியாக உடைத்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால் எனக்கே குலை நடுங்கியது. அப்படி ஒரு அழகான பாழ்.

அம்மா பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டும் பிரிவில் இருந்தாள். இது என்னடா என்று ஒரு தடவை கேட்டாள். "தாயம் மாதிரி ஒரு வெளையாட்டும்மா. சொன்னா உனக்குப் புரியாது" என்றேன். அந்தத் திமிருக்குத்தான் பின்னால் மொத்தமாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நவீன் வருகிற நாளும் வந்தது. அவரை அழைத்து வர விருதுநகர் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அம்மாவிடம் சொன்னேன்: "பெங்களூர்லருந்து வர்றவரும்மா. பாத்துட்டு ஒரு குறை சொல்லக் கூடாது. எல்லாத்தையும் சுத்தமா வையி."

எல்லாத்தையும்.

நவீன் மெலிந்த, கண்ணாடி போட்ட, ரயிலில் தூங்காத மனிதர். திரும்பி வரும் பஸ்ஸில் அவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, ஆமத்தூர் தாண்டும் வரை அழிவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். ஒரு கிழிசல் என்பது காற்றின் கையெழுத்து என்றேன். சிதைவில்தான் காலம் தன் முகத்தைக் காட்டுகிறது என்றேன். அவர் தலையாட்டியபடியே வந்தார். (ஆட்டியது அவரா பஸ்ஸா என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.)

வீட்டுக்குள் நுழைந்தோம். அம்மா நல்ல சேலை கட்டி நின்றாள். பக்கத்தில் சித்தி, அம்மாவோடு அதே பிரிவில் லேபிள் ஒட்டுகிறவள். மச்சானும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். "வாங்க தம்பி, சாப்பிட்டீகளா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே, துறைமுகத்தின் மேல் போர்த்தியிருந்த துண்டை எடுத்தாள்.

கண் கூசியது.

என் பேய்க் கப்பல்கள் ஜிகினா பூட்டி நின்றன. கிழிந்த பாய்கள் எல்லாம் போய், இஸ்திரி போட்டதுபோல் விறைத்த சிவப்பு, பச்சைத் தாளில் புதுப் பாய். கிட்டங்கிக் கூரை தங்கத் தாளில் தகதகத்தது. விலாவில் இருந்த ஓட்டையை ஒரு தாமரைப்பூ லேபிள் கச்சிதமாக மூடியிருந்தது. படகுத்துறையின் இரு பக்கமும் தோரணம். சபிக்கப்பட்ட துறைமுகத்துக்கு யாரோ கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள்.

நவீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். "ரொம்ப... கலரா இருக்கு" என்றார்.

அம்மாதான் பெருமையாக விளக்கினாள். "ஏலே, நல்லவேளை துண்டைத் தூக்கிப் பாத்தேன். பாயி பூராம் கிளிஞ்சு கெடக்கு. கூரை பேந்து கெடக்கு. டேமேஜ் சரக்கை ஏஜெண்டு கண்ணுல காட்டலாமாலே? நானும் சித்தியும் ஒக்காந்து அம்புட்டையும் சரி பண்ணிட்டோம்."

"அம்புட்டும் எலி வேலைதான்க்கா" என்றாள் சித்தி.

நான் பிளேடு பிடித்து விரல் காய்க்க இழைத்த அழிவின் புகழ் மொத்தமும் எலிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. லேபிள் கோணினாலே பெட்டியைத் திருப்பி அனுப்புகிற ஊர் இது. ஆயுசு முழுக்க டேமேஜைப் பொறுக்கி எடுத்துச் சரி செய்த கைகள், கிழிந்த பாயைக் கண்டால் சும்மா இருக்குமா?

நவீனிடம் விளக்கிவிடலாம், ஜிகினாவைப் பிய்த்துவிடலாம், இன்னும் எல்லாம் கைமீறிவிடவில்லை என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, மச்சான் பலகையோடு துறைமுகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். வெளிச்சத்தில் காட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். நாங்களும் பின்னால் போனோம். வாசலைத் தாண்டி இருந்த பொட்டலின் நடுவில் பலகையை வைத்தார். இடது பக்கம் ஒரு வாளித் தண்ணீர். வலது பக்கம் ஒரு வாளி மணல். கையில் நீள ஊதுபத்தி.

அப்போதுதான் கலங்கரை விளக்கத்தின் தலையைப் பார்த்தேன். நான் உடைத்து வைத்த காலிக் கூம்பு இல்லை அது. முழுசாக, புதுசாக, உச்சியில் திரி நீட்டிக்கொண்டு ஒரு குட்டிப் புஸ்வாணம்.

எங்கள் பக்கத்து மரியாதை ஒன்று உண்டு. சரக்குப் பார்க்க வந்தவருக்கு ஒரு சாம்பிளைக் கொளுத்திக் காட்டாமல் அனுப்ப மாட்டோம். பெங்களூரிலிருந்து ஒரு ஏஜெண்டு வந்திருக்கிறார், மச்சினன் செய்த விளக்கோ எரியாத விளக்கு. அந்தக் குறையை நிவர்த்தி செய்தவர் மச்சான்தான். எனக்கு வேலை பேசி வைத்த அதே மனிதர், இந்த ஆர்டர் எனக்குக் கிடைக்கட்டும் என்று மனசார நினைத்துச் செய்த காரியம்.

நான் வாயைத் திறப்பதற்குள் திரியில் பத்தியை வைத்துவிட்டார்.

அந்த ஒரு கணத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அழகு என்றால் அது அழகு! சீறிக்கொண்டு எழுந்தது வெள்ளிப் பூ. துத்தக் கடலின் நீலத்தில் பொறிகள் விழுந்து விழுந்து மின்ன, தங்கக் கூரைகள் பற்றியெரிவதுபோல் ஜொலிக்க, உலகத்தின் கப்பல்கள் எல்லாம் வழி தவறி எங்கள் பொட்டலுக்கு வந்துவிடும்போல் இருந்தது. நவீன் கைதட்டினார். அம்மா சிரித்தாள். எனக்கும், கடவுளே, எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு தலைமைக் கப்பலின் பாயில் ஒரு பொறி உட்கார்ந்தது. பாய் எரிந்தது. அடுத்த பாய். தோரணம் அந்தத் தீயைக் கூட்டிக்கொண்டு துறை முழுக்க ஊர்வலம் போனது.

அம்மாவின் கை வாளிக்குப் போவதைப் பார்த்தேன். பாய் எரிந்தால் வேறு பாய் தைக்கலாம். ஆனால் என் ஊர் மொத்தமும் அட்டையும் மைதாப் பசையும். தண்ணீர் பட்டால் களிதான். அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"ஊத்தாதீக!"

வருடக் கணக்காகக் கம்பெனியில் பழகிய கை அதையெல்லாம் காதில் வாங்குமா? ஒரே வீச்சு. வாளி காலி. என் பீரங்கிகள் நனைந்து தொய்ந்தன, கோபுரம் இடுப்பில் மடிந்து உட்கார்ந்தது. அதற்கு மேல், விதிமுறைப்படி, மச்சான் மணலையும் கொட்டினார்.

கரிந்த பாய்மரங்களிலிருந்து புகை மட்டும் நிதானமாக எழுந்தது. சாயம் போன ஜிகினா சேற்றில் பாசிபோல் படர்ந்திருந்தது. ஒரு கப்பல் பாதி மணலில் புதைந்து, மூக்கை மட்டும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. நான் கம்பெனிக்குப் போட்டுப்போகச் சட்டை இருக்கிறதா என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

நவீன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பலகையை ஒரு பக்கத்திலிருந்து பார்த்தார். எழுந்து சுற்றிப் போய் மறுபக்கத்திலிருந்து பார்த்தார். ரயிலில் தூங்காத கண்கள் முதல் தடவையாக முழுசாக விழித்திருந்தன.

"பிரதர், இதுதான். நான் கேட்டது இதேதான்" என்றார். "யாரும் தொடாதீங்க."

அம்மா அதற்குள் பசைக் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். "கொஞ்சம் பொறுங்க தம்பி, ஒரு நொடில ஒட்டித் தந்துர்றேன்." நானும் நவீனும் ஆளுக்கொரு பக்கம் அவள் கையைப் பிடித்துக்கொண்டோம்.

ஆர்டர் கிடைத்தது. பலகை வெயிலில் காய்ந்து அட்டைப் பெட்டியில் ஏறியது. அம்மாவுக்கு மனசாட்சி கேட்கவில்லை. பெட்டியின் மேல் தடித்த எழுத்தில் "டேமேஜ்" என்று எழுதித்தான் அனுப்பினாள். அங்கே விளையாடுகிறவர்கள் அந்தத் துறைமுகத்துக்கு டேமேஜ் பட்டினம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள் என்று நவீன் எழுதினார். அதற்குப் பிறகு சில சீசன்கள் அவருக்குக் கப்பல் செய்தேன். நானாகப் பிளேடால் கிழித்தது எதுவும் அந்த முதல் பாழுக்கு அருகில்கூட வரவில்லை. கடைசியில் மச்சானைக் கொளுத்தச் சொல்லி, அம்மாவை ஊற்றச் சொல்லித்தான் ஒவ்வொன்றையும் முடித்தேன். நல்ல சரக்கை இப்படிக் கெடுக்கிறோமே என்று ஒவ்வொரு தடவையும் அம்மா புலம்பிக்கொண்டேதான் ஊற்றினாள்.

கம்பெனி வேலை? அதை மச்சானே போய் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தார். ஆர்டர் கிடைத்ததற்காக இல்லை. "தீயைப் பாத்துட்டு 'ஊத்தாதீக'ங்கிற பயலை எந்தக் கம்பெனி வாசல்லயும் நிறுத்த மாட்டேன் மாப்ள" என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது.

அந்தச் சொல் மட்டும் என்னை விடவில்லை. என் கல்யாணப் பந்தியில் ரசவாளியோடு ஒருவர் என் இலைக்குக் குனிந்தபோது, பின்னாலிருந்து மச்சான் "ஊத்தாதீக" என்றார். பயந்துபோன அந்த மனிதர் எனக்கு ரசமே ஊற்றாமல் அடுத்த இலைக்குப் போய்விட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் எனக்குக் காப்பி ஊற்ற வருகிறவர்கள் ஒரு விநாடி நின்று என் முகத்தைப் பார்ப்பார்கள்.

போன வருடம் விருதுநகரில் ஒரு கூட்டத்தில் கவிதை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். மேடை ஏறினேன். தொண்டையைச் செருமினேன். விழாக்காரர் ஒருவர் ஓடிவந்து என் டம்ளரில் தண்ணீர் ஊற்றச் செம்பைச் சாய்த்தார். முன் வரிசையிலிருந்து அம்மாவின் குரல் கணீரென்று எழுந்தது.

"ஊத்தாதீக."

அதுதான் கவிதையின் முதல் வரி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த கைதட்டல் அது ஒன்றுதான்.