அமெரிக்கக் காருக்கு வைத்த பொட்டு

பயம் வந்தால் மனிதனுக்கு முதலில் பக்தி வரும். புத்தி அப்புறம்தான் வரும். அறுபதுகளின் தொடக்கத்தில், கோவில்பட்டியில் ஒரு பஞ்சுக் கிட்டங்கிக்குள் (குடோன் என்றும் சொல்லலாம்) எனக்குப் பக்தி வந்தது. புத்தி கடைசிவரை வரவில்லை.

அப்போது நான் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். (கடை என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு மேஜை, ஒரு சால்டரிங் கோல், நான்.) நாகலாபுரத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெயர் செல்லம்மா. பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அவளுடைய தாய்மாமன், பஞ்சு வியாபாரி சங்கரபாண்டி அண்ணாச்சி, சரி என்று சொன்னால்தான் கல்யாணம்.

அண்ணாச்சியிடம் தூத்துக்குடியில் வாங்கிய பழைய அமெரிக்கக் கார் ஒன்று இருந்தது. அதன் டாஷ்போர்டின் மேல் ஒரு சின்னப் பெட்டி. எதிரே வண்டி வந்தால் அதன் வெளிச்சத்தைக் கண்டுகொண்டு, நம் ஹெட்லைட்டைத் தானாகவே தாழ்த்திவிடும். சில நாளாக அது வேலை செய்யவில்லை. பசுவந்தனை ரோட்டில் கண் கூசிப்போன பஸ் டிரைவர் ஒருவர் இறங்கி வந்து அண்ணாச்சியைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார். அண்ணாச்சியை!

"ரேடியோ மாதிரி உள்ள வால்வு இருக்குன்னு சொல்லுதாவ. தம்பி பாத்துருவீங்கள்லா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் சின்ன வேலை அண்ணாச்சி" என்றது என் வாய். (அந்த வாயை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.)

"அப்பம் சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருங்க. இதுல போயித்தான் எங்க அக்காட்ட உங்க சங்கதியப் பேசணும்."

அக்கா என்றால் செல்லம்மாவின் அம்மா.

சோதித்துப் பார்க்க இருட்டு வேண்டும் என்று காரைக் கிட்டங்கிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். சுற்றிலும் பஞ்சு. ஒரு பொறி பறந்தால் சரக்கோடு சேர்ந்து நானும் சாம்பல். பெட்டிக்குள் மின்சாரம் பயங்கரம் என்று வேறு கேள்விப்பட்டிருந்தேன்.

எந்த மெஷினையும் தொடுமுன் பொட்டு வைப்பது எங்கள் தொழில் வழக்கம். காலையில் கோவிலில் வாங்கிய சந்தனம் சட்டைப் பையில் இருந்தது. காருக்கு எது முகம் என்று பார்த்தேன். அந்தப் பெட்டியின் முன்பக்கம்தான் முகம் மாதிரி இருந்தது. பயம் பெரிதாக இருந்ததால் பொட்டும் பெரிதாகவே வைத்தேன். நடுவில் குங்குமம்.

பிறகு வேலையில் இறங்கினேன். பேட்டரி சரி. பியூஸ் சரி. பானெட்டைத் திறந்தால், விளக்கை மாற்றும் ரிலேயில் ஒரு ஒயர் தளர்ந்து தொங்கியது. கரிசல் ரோட்டுக் குலுக்கலின் கைங்கரியம். முறுக்கினேன். வேலை முடிந்தது என்று ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, காருக்கு முன்னால் போய் நின்று, பெட்டியின் மேல் டார்ச் அடித்தேன். 'டிக்' என்று சத்தம் வந்து விளக்கு தாழ வேண்டும். தாழவில்லை.

பொட்டைப் பார்த்துக் கும்பிட்டேன். ஒயரை மறுபடி முறுக்கி டார்ச் அடித்தேன். இல்லை. மறுபடி கும்பிட்டேன். கடைசியில் பெட்டியின் பின்மூடியைக் கழற்றி எதையோ தொட்டேன். அது என்னைத் திருப்பித் தொட்டது. தூக்கிப் போட்டதில் முழங்கை ஹாரனில் விழுந்து, கிட்டங்கி முழுக்க அலறல்.

வெளியே யாரோ கத்தினார்கள்: "ஏலே, பஞ்சு பத்திக்கிட்டு!"

கதவு திறந்தது. தண்ணீர்க் குடங்களோடு ஆட்கள். அவர்களுக்கு நடுவில் அண்ணாச்சி.

தீ இல்லை என்று தெரிந்ததும் அவர் என் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கிக் காரின் முன்னால் நின்று அடித்தார். அப்படியே குனிந்து பார்த்தார்.

"இந்தப் பெட்டிக் கண்ணாடியில சந்தனம் யாரு வச்சது?"

"நாந்தான் அண்ணாச்சி. ஒரு பயத்துல..."

"ஏலே! உன் ரெண்டு கண்ணுலயும் இப்படி அப்பிட்டு, எதுக்க பஸ் வருதான்னு கேட்டா என்னலே சொல்லுவே?"

கார் ஜன்னல் வழியே உள்ளே கைவிட்டு, துண்டின் நுனியால் துடைத்தார். டார்ச் அடித்தார். டிக். ஹெட்லைட் தாழ்ந்தது. அதற்கு முன்பே என் தலை தாழ்ந்திருந்தது.

அண்ணாச்சி காரை எடுத்துக்கொண்டு நாகலாபுரம் புறப்பட்டார். கல்யாணம் போய்விட்டது என்று பஞ்சு மூட்டையில் சாய்ந்து நிஜமாகவே அழுதேன். ஆனால் அங்கே அவர் அக்காளிடம் சொன்னது இதுதானாம்: "வேலை தெரிஞ்ச பயதான். ஆனா பயந்தாங்கொள்ளி. நம்ம பிள்ளைய ஒரு வார்த்தை அதட்ட மாட்டான். முடிச்சிருவோம்."

முடித்தார்கள். அன்று போன 'தம்பி, வாங்க' மரியாதை மட்டும் திரும்பவில்லை. சாகும்வரை அவருக்கு நான் 'ஏலே'தான்.

போன வருஷம் எனக்குக் கண் மங்கியது. ஆபரேஷன் என்றதும் நடுங்கிப்போய், கோவிலுக்குப் போய்விட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என் கண்ணில் டார்ச் அடித்தபோது, பின்னால் செல்லம்மாவின் குரல் கேட்டது.

"கத்திய எடுக்கதுக்கு முன்னால, அவிய கண்ணுல சந்தனம் இருக்கான்னு ஒருக்காப் பாத்துருங்க டாக்டர்."