பருந்துக்குத் தெரியாத ஒரே முகம்

சேசு, மரி துணை.

(சூசையப்பர் பெயரையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஆனால் அவரே இந்த மாதம் எங்கள் தெருவில் பெரிய சிக்கலில் இருக்கிறார். மேலும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.)

ராயபுரம்,
5-3-1971

அன்பும் மரியாதையும் உள்ள ஞானத்தாய் அடைக்கலமேரி அத்தை அவர்களுக்கு, உங்கள் ஞானமகள் ஐரீன் முழந்தாளிட்டு எழுதிக்கொண்டது. முழந்தாளிட்டது மரியாதைக்காக மட்டும் இல்லை. மேசை முழுவதும் தெருக்காரர்களின் பைகள் கிடப்பதால் தரையில் டிரங்குப் பெட்டியை வைத்து எழுதுகிறேன். இங்கே அப்பா சுகம், தலையில் இரண்டு கீறல் தவிர. அம்மாவும் சுகம், அவர்களுக்கு ஒரு கீறல்தான். நாகப்பட்டினத்தில் நீங்களும் மாமாவும் கீறல் எதுவும் இல்லாமல் இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

அத்தை, எங்கள் தெரு முனையில் சூசையப்பர் சிலை வைத்த கெபியும், பக்கத்தில் கொடிமரமும் இருப்பது உங்களுக்கு நினைவிருக்கும். உடைந்த தோணியின் பாய்மரத்தை நட்டு, உச்சியில் சிலுவைக் கட்டை அடித்து, கயிறு ஓடக் கப்பி மாட்டியிருப்பார்கள். அந்தச் சிலுவைக் கட்டையில் ஒரு பருந்து கூடு கட்டிவிட்டது. கம்பி, கயிறு, ஆலிஸ் அக்காவின் பாவாடை எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறது. கூட்டில் இரண்டு குஞ்சுகள். சூசையப்பர் திருநாள் கொடி ஏற வேண்டுமே என்று ஆலிஸ் அக்காவின் வீட்டுக்காரர் சிலுவைமுத்து மாமா, அவர்தான் எங்கள் தெருவுக்குப் பெரிய மனிதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நீளமான மூங்கிலை எடுத்துக்கொண்டு வந்தார். உயிருள்ள கூட்டைக் கலைப்பது பாவமாகிவிடக் கூடாது என்று கோயில் உபதேசியார் தேவப்பிரியம் தெருவையே கூட்டி மரத்தைச் சுற்றி நிற்கவைத்து ஜெபம் சொன்னார். எல்லாரும் கையைக் குவித்து, முகத்தை நன்றாக மேலே தூக்கி ஜெபித்தார்கள். மூங்கில் கூட்டுக்கு எட்டவே இல்லை. ஆனால் தாய்ப்பருந்துக்கு ஒவ்வொரு முகமும் தெளிவாகப் பதிந்துவிட்டது. கூட்டம் என்றாலே எனக்குப் பயம் என்பதால் நான் மட்டும் பின்கட்டில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். அதுதான் அத்தை நான் செய்த தப்பு.

அன்றிலிருந்து எங்கள் தெரு ஆட்கள் யார் முனையைத் தாண்டினாலும் தலையில் ஒரு அடி. அடுத்த தெருக்காரர்கள் கையை வீசிக்கொண்டு போகிறார்கள், அவர்களை அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அப்பா ஹார்பர் வேலைக்குக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு போகிறார். சிலுவைமுத்து மாமா அலுமினியக் குண்டானைக் கவிழ்த்துக்கொண்டு போவார், டங் என்று சத்தம் கேட்டால் மணி ஏழு என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். பிறகு அவர் அடையாளம் தெரியாமல் இருக்கட்டும் என்று இருபது வருஷத்து மீசையை எடுத்துவிட்டு வந்தார். பருந்து உடனே கண்டுகொண்டது. ஆலிஸ் அக்காதான் கதவைப் பாதி திறந்து, "ஆரு வேணும்? அவரு வூட்ல இல்ல" என்று சொல்லிச் சாத்திவிட்டார்கள்.

என்னை மட்டும் அது ஒன்றும் செய்வதில்லை என்பதை முதலில் பார்த்தவர் எதிர்வீட்டு கெங்கம்மா அக்கா. நான் எப்போதும் போலத் தலையைக் குனிந்துகொண்டு கொடிமரத்தடிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னலிலிருந்து, "அடியே, இந்தப் பொண்ண மட்டும் ஒண்ணும் பண்லடி, பாத்துகினே கீது" என்று கத்தினார். அவ்வளவுதான் அத்தை, மறுநாளே எங்கள் வாசலில் கூட்டம். ரேஷன் கடை, மண்ணெண்ணெய், கம்பவுண்டரிடம் மருந்து, மாவு மில், எல்லாவற்றுக்கும் ஐரீன். கடைக்காரர் முன்னால் எனக்குப் பேச்சு வராது என்பது தெருவுக்கே தெரியும். "இன்னாத்துக்கு மே வெக்கப்படறே? கடைக்காரன் இன்னா உன்னிய கொத்திடுவானா?" என்கிறார்கள். போன வாரம் பாலில் தண்ணீர் ஜாஸ்தி என்று கெங்கம்மா அக்கா, "நீ போயி அவன நல்லா நாலு திட்டு திட்டிட்டு வா கண்ணு, நானே வருவேன், இந்தக் கஸ்மாலம் விடமாட்டேங்குது" என்று அனுப்பினார். நான் பால்காரரிடம் போய், "கெங்கம்மா அக்கா உங்களைத் திட்டச் சொன்னார்கள்" என்றேன். அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, "செரி, திட்டு" என்று கை கட்டி நின்றார். "நாளைக்குத் திட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். மறுநாள் அவரே, "இன்னாம்மா, இன்னிக்காவது திட்டுவியா, எனுக்கு லேட்டாவுது" என்று கேட்கிறார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். புதன்கிழமை கொடியேற்றம், அதுதான் தாங்க முடியவில்லை. யார் கொடி ஏற்றுவது என்று நேற்று எங்கள் வீட்டில் கூட்டம் போட்டார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் அடுப்பைப் பார்த்தேன். எங்கள் தெரு வழக்கம் உங்களுக்குத் தெரியும், கொடி ஏற்றுகிறவர்தான் மன்றாட்டு மாலையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், திருநாள் வரை தினமும் சாயங்காலம் அவரே வந்து சொல்ல வேண்டும். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கப் பயந்து எட்டாவதோடு பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான். அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன். "நானா உன்ன பிடிச்சேன்? பருந்து பிடிச்சிகீது" என்கிறார். உபதேசியார், "இது தேவ அழைத்தல் அம்மா" என்று குடைக்குள்ளிருந்து சொன்னார். எங்கள் வீட்டுக்குள்ளேயும் அவர் குடையை மடக்குவதில்லை.

ஆகையால் அத்தை, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். "இடுப்பு வலி, ஐரீனை உடனே அனுப்பு" என்று அப்பாவுக்கு ஒரு தந்தி கொடுங்கள். சீரியஸ் என்று போட்டுவிடாதீர்கள், அப்பாவும் கூடவே வந்துவிடுவார். நான் வந்து உங்கள் பாத்திரமெல்லாம் துலக்குவேன், அங்கே யாரோடும் பேசாமல் இருப்பேன். மாமாவுக்கு என் தோத்திரம் சொல்லவும். உங்கள் இருவரின் ஆசீரை என் தலைக்கு அனுப்பி வைக்கவும், எங்கள் தெருவில் ஆசீர் வைக்க இடமுள்ள தலை இப்போது அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள ஞானமகள்,
அ. ஐரீன்

பி.கு. 12-3-1971. அத்தை, தெருக்காரர் எல்லாருடைய கடிதங்களையும் தபாலில் போட்டுவிட்டு என்னுடையதை மட்டும் வீட்டிலேயே மறந்துவிட்டேன். காகிதத்தை வீணாக்க மனமில்லாமல் இதிலேயே எழுதுகிறேன். கொடி ஏற்றிவிட்டேன். கூடு கப்பியை அடைத்துக்கொண்டிருப்பதால் அரைக்கம்பத்தில்தான் நின்றது. அதைப் பார்த்து அடுத்த தெருவிலிருந்து மாலையோடு வந்து, "ஆரு பூட்டாங்க?" என்று கேட்டார்கள். மன்றாட்டு மாலை சொல்ல நின்றபோது எதிரே பார்த்தால் ஒருவர்கூட இல்லை. பருந்துக்குப் பயந்து எல்லாரும் வீட்டுக்குள் இருந்தார்கள். காலியான தெருவைப் பார்த்ததும் எனக்குக் குரல் வந்துவிட்டது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஜன்னல் ஜன்னலாக "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சத்தம் வந்தது. கெங்கம்மா அக்கா நம் வேதம் இல்லை, அவர்கள் குரல்தான் எல்லாரையும் விடப் பெரிதாகக் கேட்டது. நேற்றும் சொன்னேன். இன்றைக்குக் காலையில் பால்காரரையும் திட்டிவிட்டேன். ஆகவே தந்தி கொடுக்க வேண்டாம். ஆனால் குஞ்சுகள் இரண்டும் கூட்டு விளிம்பில் நின்று சிறகடித்துக்கொண்டிருக்கின்றன. அவை பறந்துவிட்டால் தாய்ப்பருந்தும் போய்விடும், எல்லாரும் தைரியமாக வெளியே வந்து என் எதிரில் நின்றுவிடுவார்கள். திருநாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதுவரை குஞ்சுகளுக்குப் பறக்க வராமல் இருக்க, அத்தை, நீங்கள் சூசையப்பரைத் தயவுசெய்து வேண்டிக்கொள்ளவும்.