தாய்லாந்தில் ஓர் எண்ணெய்க் குளியல்

குற்றாலத்துக்குப் போய்ப் பழகிய ஒருவனை உலகத்தின் எந்த மூலைக்கு அனுப்பினாலும் அவன் குற்றாலத்துக்குத்தான் போவான். யாரையோ குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த ஒருவன் நான்தான்.

தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகவே காலத்தைத் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். எந்தக் காரியமானாலும் ஒரு கோப்பு போட்டு, எண் கொடுத்து, நாடா கட்டினால்தான் எனக்குக் காப்பி தொண்டைக்குள் இறங்கும். வீட்டு வாஷிங் மெஷினுக்குக்கூடத் தனிக் கோப்பு உண்டு. (சிரிக்காதீங்க. ரெண்டு தடவை அதுதான் காப்பாத்தியிருக்கு.)

என் மனைவி சிவகாமி பாளையங்கோட்டையில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து ஒரு மே மாதம் அவளும் ஓய்வு பெற்றாள். பிரிவு உபசாரம் முடிந்து மாலையும் கையுமாக வீட்டுக்கு வந்தவளிடம் நான் பெரிய மனுஷத் தோரணையில் சொன்னேன்.

"ஏட்டி, இந்தத் தடவை நீ எங்க சொல்லுதியோ அங்க போவோம். வெளிநாடுன்னாலும் சரி."

அவள் யோசிக்கவே இல்லை. "தாய்லாந்து. கடல் பாக்கணும்" என்றாள். அவளோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி போய்வந்து போட்டோ காட்டியிருக்கிறாள்.

"கடலா? நம்ம திருச்செந்தூர்ல இல்லாத கடலா?"

"அங்கன போனா கடல்ல முங்கணும், நாழிக்கிணத்துல குளிக்கணும், ஈரத்தோட ஓடிப் போய் வரிசையில நிக்கணும். பிள்ளைய ஆழத்துக்குப் போயிரக் கூடாதுன்னு கையப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும். ஒரு தடவையாது நான் கடலை உக்காந்து பாத்திருக்கேனா? எனக்குச் சும்மா உக்காரணும். ஒரு வேலையும் இல்லாம, ஒரு பகல் முழுக்க."

"இவ்வளவுதானே?" என்று சொல்லிவிட்டுப் புதுக் கோப்பு ஒன்றை எடுத்தேன்.

கடலோரத்து ஓட்டல்களையெல்லாம் போனில் பார்த்தேன். ஒவ்வொன்றின் வாடகையும் எங்கள் தகுதிக்கு மேலே நின்றது. கொஞ்சம் உள்ளே தள்ளிப் பார்த்தபோது ஒரு மாகாணத் தலைநகர் தட்டுப்பட்டது. (பேரைச் சிவகாமி சரியா சொல்லுவா, எனக்கு இன்னைக்கும் நாக்கு வளையாது.) கடலுக்கு ஒரு மணி நேரப் பயணம். மலையடிவாரம். அப்புறம் வரைபடத்தில் அந்தச் சின்ன நீல அடையாளம்: அருவி. அதைப் பார்த்ததும் என் மூளை வேலை செய்வதை நிறுத்திவிட்டது. கைதான் அதற்கப்புறம் எல்லாவற்றையும் எழுதியது.

அந்த ஊர் விடுதி ஒன்றில் ஜூலை, ஆகஸ்டில் வாடகை பாதி என்று போட்டிருந்தது. காரணம், மழைக்காலமாம். மூன்று தடவை படித்தேன். உடனே ஆழ்வார்குறிச்சியில் விவசாயம் பார்க்கும் என் மைத்துனன் கணேசனுக்குப் போன் போட்டேன். வருடா வருடம் குற்றாலத்துக்கு எனக்குத் துணை அவன்தான்.

"கணேசா, மழை பெய்யுதுன்னு வாடகையைக் குறைக்கான்வே!"

"அவனுக்கு யாவாரம் தெரியலை, அத்தான். நம்மூர்ல சாரல் விழுந்துட்டா லாட்ஜுக்காரன் நம்மள ஏறெடுத்துப் பாப்பானா? யாரும் முழிச்சுக்கிடுறதுக்குள்ள ரூமைப் போட்டிருங்க."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்தில் மழை பெய்தால்தான் சீசன். வெயில் அடித்தால் பயணத்தைத் தள்ளிப்போடுகிற ஒரே சனம் நாங்களாகத்தான் இருப்போம்.

விடுதிக்குப் பதினொரு கேள்விகள் கேட்டு எழுதினேன். அருவிக்கு எவ்வளவு தூரம், ஈரத்துண்டு காயப்போடக் கொடி கட்ட இடம் உண்டா, ஈரக்காலோடு ஏறுவதற்குத் தோதாகத் தரைத்தளத்தில் அறை கிடைக்குமா, மெத்தை விரிப்பில் நல்லெண்ணெய் பட்டால் ஆட்சேபம் உண்டா என்பதெல்லாம் அதில் அடக்கம். ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்று மட்டும் கேட்கவில்லை. விடுதியை நடத்துகிறவர் நொய் என்ற அம்மாள். அவருடைய பதிலைப் போன் தமிழாக்கிக் கொடுத்தது.

"மதிப்பிற்குரிய ஐயா, இது மழைக்காலம். மிகவும் மழை. வெளியே செல்ல இயலாது. தாங்கள் டிசம்பரில் வருவது நன்று."

இப்படி யாராவது தன் கடைக்கு வருகிற ஆளைத் திருப்பி அனுப்புவார்களா? 'விடுதியார் அடக்கமானவர்' என்று ஓரத்தில் குறிப்பெழுதி, கோப்பில் சேர்த்துக்கொண்டேன்.

பயண அட்டவணையைச் சிவகாமியிடம் காட்டினேன். முதல் மூன்று நாளும் அருவி. நான்காம் நாள் கடல். அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் 'அவகாசம் இருப்பின்'. முப்பது வருடம் பிள்ளைகளின் கோழிக் கிறுக்கலைப் படித்த கண்ணுக்கு அது தப்புமா? படித்தாள். ஒன்றும் சொல்லாமல் கோப்பை மூடிக் கையில் கொடுத்துவிட்டு, உளுந்து ஊறப்போடப் போய்விட்டாள். ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முந்தின வாரம் டவுனில் செக்கெண்ணெய்க் கடைக்குப் போனேன்.

"என்னவே, குத்தாலமா?" என்றார் கடை அண்ணாச்சி.

"தாய்லாந்து, அண்ணாச்சி."

"அங்கன எண்ணெய் கிடைக்காதோ?"

"செக்கெண்ணெய் கிடைக்குமா?"

அவர் பெரிய புட்டியாக எடுத்தார். "அப்போ ரெண்டு லிட்டரா எடுத்துக்கிடும்" என்று அளந்து ஊற்றினார்.

நாங்கள் போய் இறங்கியபோது மழை. சாரல் என்பது எங்களுக்கு முகத்தில் பன்னீர் தெளிக்கிற மாதிரி. இது அண்டாவைக் கவிழ்த்த மாதிரி ஊற்றியது. இரண்டு நாள் நிற்கவே இல்லை. தரைத்தளத்து அறையில் சுவர் பாதி உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி. நான் மட்டும் உற்சாகமாகக் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"இங்கனயே இப்படின்னா அருவியில எப்படி விழும்! ஏட்டி, நெனச்சுப் பாரு!"

சிவகாமி ஈரத்துணியை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காலையில் நொய் அம்மாள் கறி சேர்க்காமல் எங்களுக்கென்று தனியாகக் கஞ்சி காய்ச்சித் தருவார். கஞ்சிக்குப் பிறகு அவரும் இவளும் போனை நடுவில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசினார்கள். நான் அதைக் கவனிக்கவில்லை, எனக்குக் கொடி கட்டுகிற வேலை இருந்தது.

மூன்றாம் நாள் காலை மழை கொஞ்சம் விட்டது. வண்டி இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் எண்ணெய்ப் புட்டியைத் திறந்தேன். அறையிலேயே எண்ணெய் தேய்த்துக்கொண்டு, துண்டோடு நடந்து போய் அருவியில் நிற்பதுதான் எங்கள் முறை. உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்தேன்.

"அங்க போய்த் தேச்சா என்ன?" என்றாள் சிவகாமி.

"ஊறணும்ட்டி."

பழைய வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டு போட்டு, கையில் சீயக்காய்ப் பொட்டலத்தோடு நான் வரவேற்பறையைக் கடந்தபோது நொய் அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். இரண்டு கையையும் ஆட்டி என்னமோ நீளமாகச் சொன்னார். எண்ணெய்க் கையால் போனைத் தொடக் கூடாதே என்று நானும் சிரித்துத் தலையாட்டிவிட்டு, சிவகாமியை அவசரப்படுத்தி வெளியே ஓடினேன்.

வண்டி என்பது பின்பக்கம் இரண்டு வரிசை பெஞ்சு போட்ட சின்ன லாரி. சந்தைக்குப் போய்த் திரும்பும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வழுவழுப்பான இருக்கை. மலைப்பாதையில் முதல் வளைவு வந்ததும் நான் வழுக்கிக்கொண்டு போய்க் கீரைக்கட்டு வைத்திருந்த அம்மாள் மடியில் சாய்ந்தேன். அடுத்த வளைவில் இந்தப் பக்கம் திரும்பி வந்தேன். நாலாவது வளைவுக்கு வண்டியே பழகிவிட்டது. வளைவு வருமுன் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு கை நீண்டு, என் தோளைத் துண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. சிவகாமி எனக்கு எதிரே உட்கார்ந்து வெளியே பார்த்தாள். நான் யாரென்றே தெரியாதவள் மாதிரி.

அருவிக்குப் போகிற பாதையில் வாசலுக்குக் குறுக்கே சங்கிலி. மழைக்கோட்டு போட்ட காவலர் ஒருவர் கையைக் குறுக்கே வைத்துக் காட்டினார். சிவகாமி போனை நீட்டினாள். அது சொன்னது: "வெள்ளம். அருவி மூடப்பட்டுள்ளது."

இதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? குற்றாலம் மெயின் அருவியில் வெள்ளம் வந்தால் போலீஸ் விசிலடித்து எல்லாரையும் வெளியேற்றும். நாமும் ஓரமாக உட்கார்ந்து வடை தின்போம். தண்ணீர் தணிந்ததும் திரும்பத் திறப்பார்கள். இதில் என் அனுபவம் நாற்பது வருடம்.

"வடியட்டும்ட்டி, இருப்போம்" என்று சொல்லி மதில்மேல் உட்கார்ந்தேன்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. எண்ணெய் மேனியில் தண்ணீர் முத்து முத்தாக ஓடியது. ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரமும் ஆயிற்று. காவலர் குடை கொண்டுவந்து கொடுத்தார். பிறகு டீ கொடுத்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் அவரே போனை வாங்கிப் பேசினார்.

"ஐயா, தாங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?"

"திறக்கிறதுக்கு."

போன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னது: "நவம்பரில் திறப்போம்."

திரும்பி வந்தோம். விடுதியில் மழைக்குக் கரண்ட் போயிருந்தது, மோட்டார் ஓடவில்லை, குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எண்ணெய் ஊறுவதற்கும் ஓர் அளவு இருக்கிறது அல்லவா? காலையில் தேய்த்தது மதியம் தாண்டிவிட்டது. பின்பக்க முற்றத்தில் மொட்டைமாடித் தண்ணீர் ஒரு குழாய் வழியாக மேலிருந்து பாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. வேகமும் மோசமில்லை. சீயக்காயைத் தலையில் அப்பிக்கொண்டு அதன் அடியில் போய் நின்றேன். பழக்க தோஷத்தில் "ஆகா, ஆகா" என்று சத்தமும் போட்டிருக்கிறேன். நொய் அம்மாளும் விடுதியில் தங்கியிருந்தவர்கள் இரண்டு பேரும் குடை பிடித்து வந்து நின்று பார்த்தார்கள். நொய் அம்மாள் ஒரு போட்டோவும் எடுத்தார்.

அப்போதுதான் சிவகாமியின் குரல் கேட்டது.

"நான் அருவி கேட்டேனா?"

நான் ஆகாவை நிறுத்தினேன்.

"ஒரு வார்த்தை சொல்லுங்க, கேட்டேனா? முப்பது வருசமா நீங்க கூட்டிட்டுப் போன எடத்துக்கெல்லாம் வந்தேன். நீங்களும் தம்பியும் அருவியில நிப்பிய. நான் கரையில எல்லார் துணியையும் மடியில வச்சுக்கிட்டு இருப்பேன். இத்தனை தூரம் வந்தும் உங்க ஈரத்துண்டைத்தான் பிழிஞ்சுக்கிட்டு இருக்கேன். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதை அடைப்புக்குறிக்குள்ள போட்டுட்டியளே."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. சீயக்காய் எரிச்சலில் எனக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஒருவிதத்தில் அது நல்லதுதான். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. வெட்கமாக இருந்தது. வண்டியில் வழுக்கியதற்கும் வேற்று மனிதர் முன்னால் நின்று குளித்ததற்கும் வராத வெட்கம்.

நான்காம் நாள் கோப்பை நான் எடுக்கவில்லை. அவள் நொய் அம்மாளிடம் பேசினாள். அவர் தன் சொந்த வண்டியிலேயே எங்களைக் கடலுக்குக் கூட்டிப்போனார். போட்டோவில் இருந்த நீலக் கடல் அங்கே இல்லை. செம்மண் கலந்த தண்ணீர், சிவப்புக் கொடி, ஆளில்லாத மணல், கவிழ்த்து அடுக்கிய நாற்காலிகள். போச்சு, இதையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சிவகாமி மூடிக்கிடந்த கடையின் தகரக் கொட்டகைக்குள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். செருப்பைக் கழற்றினாள். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். தகரத்தில் மழை சடசடவென்று விழுந்தது. அவள் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அரை மணி நேரத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"போவோமா?"

"பேசாம இரிங்க."

இருந்தேன். வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் அவளைப் பார்த்தேன். கையில் கரண்டியோ நோட்டோ துணியோ இல்லாமல் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கலியாணம் ஆகி இத்தனை வருடத்தில் அது என் கண்ணில் படவே இல்லையே என்று மனசு கனத்தது. சாயங்காலம்வரை இருந்தோம். எழுந்திருக்கும்போது, "நல்லாருந்துச்சு" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் நான் உயிர் பிழைத்தேன்.

மற்றதெல்லாம் பின்விளைவு. நொய் அம்மாள் எடுத்த போட்டோதான் இன்றுவரை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் முகப்புப் படம். வீட்டில் பயணத் திட்டம் போடுகிற அதிகாரம் என்னிடமிருந்து பறிக்கப்பட்டு, பெட்டி தூக்குகிற பதவி தரப்பட்டிருக்கிறது. போன ஆடியில் கணேசன் வழக்கம்போலக் குற்றாலம் போனான். அங்கிருந்து போன் போட்டான், பின்னால் அருவிச் சத்தம்.

"அத்தான், தண்ணி சும்மா பிச்சுக்கிட்டு விழுது. எங்க இருக்கிய?"

"குலசேகரன்பட்டினம். கடல்கரையில."

"கோயில் தசராவுக்கு இன்னும் நாள் கெடக்கே. அங்க என்ன செய்யுதிய?"

"ஒண்ணும் செய்யலை."

"ஒண்ணும் செய்யாம எதுக்கு இருக்கிய?"

"உங்க அக்கா உக்காந்திருக்கா. நானும் உக்காந்திருக்கேன்."

அன்றையிலிருந்து எந்தக் கலியாண வீட்டுப் பந்தியானாலும், இலை போட்டதும் கணேசன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிடுகிறான். "எங்க அத்தானுக்குச் சும்மா உக்காரத் தெரியாது. அதைப் படிச்சுக் குடுக்கதுக்கு எங்க அக்கா அவியளத் தாய்லாந்துவரைக்கும் கூட்டிட்டுப் போகவேண்டியதாப் போச்சு."