கட்டுப் போட்ட காலைக் காண வருபவர்

தெருவில் கால் உடைந்தவர் ஒருவர்தான் இருப்பார்; எலும்பு வைத்தியர்களோ வீட்டுக்கு வீடு இருப்பார்கள். இவர்களுக்குப் பட்டம் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. வாய் உண்டு. கொச்சி மட்டாஞ்சேரியில் இந்த இனத்தின் தலைமகன், மிளகு வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு ஓய்ந்திருக்கும் ராமபத்ரன்.

யார் எங்கே விழுந்தாலும் நேந்திரப்பழத்தோடு வந்துவிடுவார். நலம் விசாரிக்குமுன் எக்ஸ்ரேயைக் கேட்பார், அதை ட்யூப்லைட்டுக்கு நேரே தலைகீழாகப் பிடிப்பார், ஒரு கண்ணை மூடி உதட்டைப் பிதுக்குவார், உள்ளே கம்பி வைத்திருந்தால் "எதுக்குக் கம்பி?" என்பார், வைக்காவிட்டால் "கம்பி வெக்கலையா!" என்பார், பிரண்டைத் துவையல், எண்ணெய் தேய்த்து உழிச்சல் என்று அடுக்கிக்கொண்டே போய், தலைமுறை தலைமுறையாகத் தம் வீட்டுப் படியேறாத ஆட்டுக்கால் சூப்பையும் மனமுவந்து சிபாரிசு செய்வார். குடிக்கப்போவது பிறர்தானே?

போன மழைக்காலத்தில், அவர் வீட்டில் குடியிருக்கும் கொத்தனார் இசக்கிராஜா சாரத்திலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, வலி கூடினாலோ விரல் மரத்தாலோ உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் காலையிலேயே இரண்டும் வந்தன.

"விரலைத் தொட்டாத் தெரியலைன்னு சொல்லுதாவ. வலியில துடிக்காவ, ஐயா. ஆட்டோ கூப்பிடட்டா?" என்றாள் அவன் மனைவி வசந்தி.

"எலும்பு கூடறச்சே வலிக்காதா பின்னே? மரத்துப்போனா மருந்து பிடிக்கறதுன்னு அர்த்தம். இப்போ போனா கீறி வெச்சுடுவான். சூடா ஒரு சாயா குடுத்துப் படுக்க வை."

வீட்டுக்காரர் வாக்கு. படித்தவர் வேறு. வசந்தி சாயா போட்டாள். அந்தக் காலோடு அவன் பிழைப்பும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? பொழுது சாயும் நேரத்தில் விரல்கள் வெளிறிச் சில்லிட்டன. அதற்குமேல் அவள் யாரையும் கேட்கவில்லை, ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

டாக்டர் அஞ்சனா விரலை அசைத்துப் பார்த்ததுமே கட்டைப் பிளக்கச் சொன்னார். உள்ளே வீங்கி நெரிபட்ட தசைக்கு இடம்விட, காலை நீளமாகக் கீற வேண்டியதாயிற்று.

"காலையிலேயே வந்திருக்கலாமே அம்மா? இன்னும் குறச்சு லேட் ஆயிருந்தா இந்தக் கால் இல்ல."

கால் தப்பியது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மனிதரைப் படகில் ஏற்றி எதிரே வைப்பின் தீவில் விட்டுவிட்டு வரலாம் போலிருந்தது. அவரோ வெட்கப்படுவாரா? வார்டுக்கு வந்து கீறலைப் பார்த்தார்; முகம் மலர்ந்தது.

"கீறுவான்னு நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

சொல்லிவிட்டு அடுத்த கட்டில்காரரின் எக்ஸ்ரேவுக்குக் கை நீட்டினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் விரல் மரத்தது என்று மேலே படித்தபோது, 'லேசாக வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருக்கலாமே' என்று உங்களுக்குள் ஒருவர் முனகினாரே, அவரைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். அவர் பேச்சை நம்பவும் எங்கோ ஒரு வசந்தி இருக்கிறாள்.