குண்டுக்குப் போட்ட மாலை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்திருக்கிறேன். பேனாவை எடுப்பேன், சாமி படத்தைப் பார்ப்பேன், பேனாவை வைத்துவிடுவேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. எழுத்து கோணலாகப் போகுமே என்பது சின்ன பயம். எழுதினால் சாமி மேல் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்பது பெரிய பயம். குறை சாமி மேல் இல்லை. முழுக்க என் மேல்தான். (என் மனைவி இதைத் தாலி கட்டிய மறுவாரமே சொல்லிவிட்டாள்.)

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். அம்பத்தூர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு நெல் மில். நீராவி எஞ்சினில் ஓடுவது. அதற்கு எண்ணெய் விடுகிறவன் நான். பாய்லருக்கு உமி தள்ளுகிறவன் கன்னியப்பன், என்னைவிட இளையவன். எஞ்சினை ஓட்டுகிற டிரைவராக இருந்தவர் பெரம்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த இடத்துக்கு நாங்கள் இரண்டு பேர்தான் போட்டி.

முதலாளி சொன்னார்: "விஜயதசமி அன்னிக்கு ஏகாம்பரம் ஓட்டட்டும். மறுநாள் கன்னியப்பன் ஓட்டட்டும். எவன் கையிலே வண்டி ஒழுங்கா ஓடுதோ, அவன்தான் டிரைவர்."

கன்னியப்பனுக்கு அது சம்பள உயர்வு. எனக்கு அது கல்யாணம். பருத்திப்பட்டில் எனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் அப்பா, "எண்ணெய் ஊத்தறவனுக்கெல்லாம் எம்பொண்ணு இல்ல. டிரைவர்னு ஆகிட்டு வா" என்று வாசலிலேயே நிற்க வைத்துச் சொல்லி அனுப்பியிருந்தார். உள்ளே வந்து தண்ணீர் குடி என்று கூடச் சொல்லவில்லை.

அந்த எஞ்சினில் எனக்கு மிகவும் பிடித்தது குண்டு. மேலே ஒரு தண்டு, அதில் இரண்டு இரும்புக் குண்டுகள் தொங்கும். எஞ்சின் ஓட ஓட அவையும் சுற்றும். வேகம் கூடினால் இரண்டும் இறக்கை போல விரியும். விரிந்தால் உள்ளே போகிற நீராவி தானாகக் குறையும். வேகம் தணிந்தால் குண்டுகள் தாழும், நீராவி கூடும். மனுஷன் கை வைக்காமலே எஞ்சின் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும். இதில் சாமி இருக்கிறது என்று நினைத்தேன். நினைத்தது தப்பில்லை. மாலை போட்டதுதான் தப்பு.

ஆயுத பூஜை அன்று எஞ்சினை நிறுத்தித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். ஆளுக்கு ஒரு மாலை வாங்கியிருந்தோம். கன்னியப்பன் தன் மாலையைப் பாய்லர் கதவுக்குப் போட்டான். நான் திருமுல்லைவாயில் ஈஸ்வரனை நினைத்து முல்லை மாலை வாங்கியிருந்தேன். வாழைநாரில் கட்டினால் சீக்கிரம் அறுந்துவிடுமே என்று, பூக்காரரிடம் சொல்லி முறுக்கிய சணல் கயிற்றில் கட்டி வாங்கினேன். (அப்படி ஒரு புத்திசாலி!) அதைக் கொண்டுபோய் இரண்டு குண்டுக்கும் சேர்த்துச் சுற்றிப் போட்டேன்.

முக்காலியைப் பிடித்துக்கொண்டிருந்த கன்னியப்பன் கேட்டான்: "இன்னா அண்ணாத்தே, குண்டுக்குக் கண்ணாலமா?"

"ஆமாம்டா. அது முடிஞ்சா எனக்கு."

"அப்ப எனக்கு?"

"நீ பந்தியிலே குந்தி நல்லா துன்னுட்டுப் போ."

சிரித்தான். அவனுக்கும் அந்த வேலை வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சிரித்தான் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் காலை முதலாளி குடும்பத்தோடு வந்தார். அக்கம்பக்கத்து ஜனம் கூடியது. என் வருங்கால மாமனாரும் பருத்திப்பட்டிலிருந்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பூசணிக்காய் உடைத்தோம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். அன்று நெல் அரைப்பதில்லை. சும்மா கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டுவதுதான் வழக்கம். சுமை இல்லாமல் ஓடுகிற எஞ்சினை அடக்குவதற்கு அந்தக் குண்டுகளை விட்டால் வேறு நாதி இல்லை. அவற்றைத்தான் நான் சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தேன்.

வண்டி ஓடுவதற்கு முன்னால் கன்னியப்பன், "மாலையை எடுத்துடு அண்ணாத்தே, பூ தூளாப் பூடும்" என்றான்.

"சாமிக்குப் போட்டதை முதல் ஓட்டம் முடியாம எடுக்கக் கூடாது" என்று சாஸ்திரம் சொன்னேன். (எந்தச் சாஸ்திரம் என்று இன்றுவரை தெரியாது.)

நீராவியைத் திறந்தேன். சக்கரம் புரண்டது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. குண்டுகள் முல்லை மாலையோடு சுற்ற, பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாமனார் கூடக் கட்டிய கையை அவிழ்த்தார். வேகம் கூடியது. குண்டுகள் விரியப் பார்த்தன, கயிறு விடவில்லை. நீராவி குறையவே இல்லை. பெல்ட் படபடவென்று அடித்தது, கூரைத் தகரம் அதிர்ந்தது.

முதலாளி கத்தினார்: "இன்னாடா ஏகாம்பரம், இந்த ஓட்டம் ஓடுது!"

நான் வால்விலிருந்து கையை எடுத்து, இரண்டு கையையும் கூப்பிச் சொன்னேன்: "எல்லாம் ஈஸ்வரன் அருள், மொதலாளி!"

எங்கள் திருமுல்லைவாயிலில் முல்லைக்கொடி ஒரு ராஜாவுடைய யானையின் காலைச் சுற்றிக்கொள்ள, சாமியே வெளிப்பட்டதாகத் தலபுராணம். என் முல்லை எஞ்சினைச் சுற்றிக்கொண்டபோது வெளிப்பட்டது கன்னியப்பனுடைய குரல்தான்.

"அருளும் இல்ல ஒண்ணும் இல்ல! ஸ்டீமை மூடுடா டேய்!"

அதுவரை அவன் என்னை 'டேய்' என்றதில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கை வரவில்லை. கூப்பிய கை கூப்பியபடியே ஒட்டிக்கொண்டது. ஜனம் கதவுப் பக்கம் ஓடியது, மாமனார் எல்லோருக்கும் முன்னால் ஓடினார். கன்னியப்பன் மட்டும் பாய்லர் பக்கத்திலிருந்து, பெல்ட்டுக்கு அடியில் குனிந்து ஓடிவந்து, என்னை ஒரு தள்ளு தள்ளிவிட்டு வால்வைப் பிடித்துத் திருகினான். திருகி முடிக்கிறபோது பெல்ட் அறுந்தது. அறுந்த முனை சாட்டை போல வந்து அவன் வலது கையில் விழுந்தது.

சக்கரம் மெதுவாகி நின்றது. அவன் உட்கார்ந்திருந்தான். கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. "நின்னுச்சா?" என்று கேட்டான். நின்றுவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அது நான் இல்லை.

மாட்டுவண்டியில் ஏற்றி ஸ்டேஷனுக்கும், ரயிலில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். நான் பார்க்கப் போனபோது கையில் திருநீறும், கோயிலில் கொடுத்த துளி பூவும் இருந்தன. அவன் பூவைப் பார்த்துவிட்டு, "அண்ணாத்தே, அத்த எடுத்துக்கினு கிட்ட வராத. இன்னொரு கை கீது" என்றான். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

என்னை மில்லை விட்டே துரத்துவார்கள் என்று நினைத்தேன். முதலாளி கூப்பிட்டார்.

"திட்டி இன்னா ஆவப்போவுது? வண்டி ஓடணும். ரெண்டு கையும் கீறவன் நீ ஒருத்தன்தான். நீயே ஓட்டு" என்றார்.

விடாமல் வேண்டிக்கொண்டது அப்படித்தான் கிடைத்தது. டிரைவர் ஆனேன். பருத்திப்பட்டு மாமனாரும் சொன்ன சொல் மாறவில்லை.

கல்யாணத்துக்குக் கன்னியப்பன் வந்தான். அதற்குள் அவனுக்கு மில் கேட்டில் காவல் வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள். மாலை மாற்றுகிற நேரம், நான் மாலையைத் தூக்கினேன். கூட்டத்திலிருந்து அவன் குரல்: "அம்மாடி, தள்ளி நின்னுக்கோ! இவன் மாலை போட்டா அப்புறம் நிறுத்தறதுக்கு வேற ஆளு வேணும்!"

பந்தலே சிரித்தது. மணப்பெண்ணும் சிரித்துவிட்டாள். இன்றும் எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், மாலையை எடுத்தவுடன் யாராவது இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. கன்னியப்பன் காலமான பிறகும் சொல்கிறார்கள்.

ஆனால் கதை கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டு வருகிறது. போன மாதம் என் பேரன் அடுத்த வீட்டுப் பையனிடம் சொல்கிறான்: "எங்க தாத்தா மெஷினுக்கு மாலை போட்டாராம். அது தறிகெட்டு ஓடிச்சாம். சாமியே வந்து நிறுத்திடுச்சாம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவலயாம்."

அன்றைக்குத்தான் பேனாவை எடுத்தேன், திரும்ப வைக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். என்னை எவ்வளவு முட்டாளாகக் காட்டினாலும் சரி, கேட்கிறவர்கள் சிரிக்கட்டும். நீராவியை மூடியது சாமி என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். நான் தினம் கும்பிடுகிற சாமிக்கு நாலு கை. கன்னியப்பனுக்கு இருந்தது இரண்டு.